கடப்படியில் மாடு ஏன் நின்றுவிடுகிறது?

பட்டிப் பக்கம்: வாசகர் கேள்வி, பதில்

போன இதழில் பட்டி மாட்டைக் கத்தாமல், அடிக்காமல், ஓட்டமில்லாமல் நடத்தலாம் என்று கொஞ்சம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் ஒரு பை நிறைய. பத்துப் பதினைந்து மாட்டோடு தனியாக மல்லுக்கட்டுகிறவர்களின் கடிதங்களை முதலில் எடுத்திருக்கிறேன். பெயர்களைப் போடவில்லை, ஊர் மட்டும்தான்.

கேள்வி: ஐயா, அப்பா போனபிறகு பதினான்கு மாட்டை நான்தான் பார்க்கிறேன். பகலில் வயல் வட்டைக்குள் மேயும். பின்னேரம் சாய்த்துக்கொண்டு வந்தால் கடப்படி (பட்டி வாசல்) வரைக்கும் ஒழுங்காக வருகிறது, வாசலைக் கண்டதும் நிற்கிறது, பிறகு இரண்டு பக்கமும் சிதறி ஓடுகிறது. நான், தம்பி, பக்கத்து வீட்டுப் பொடியன் மூன்று பேரும் தடியோடு நின்று கத்தியும் இருட்டுகிற மட்டும் அடைக்க முடியவில்லை. இந்தப் பக்கம் யானைப் பயமும் இருக்கிறது. என்ன செய்வது? (வவுணதீவு)

பதில்: தம்பி, முதலில் மற்ற இரண்டு பேரையும் வீட்டில் இருக்கச் சொல்லுங்கள். பதினான்கு மாட்டுக்கு ஒரு ஆள் போதும். மூன்று பேர் மூன்று பக்கமும் நின்று கத்தினால் எந்தப் பக்கம் போகச் சொல்கிறார்கள் என்று மாட்டுக்கு விளங்காது, விளங்காத மாடு ஆள் இல்லாத பக்கம் பார்த்து ஓடும், ஆள் இல்லாத பக்கம் எப்போதும் வட்டைதான்.

மாட்டின் கண் இருக்கிற இடத்தைப் பாருங்கள். நமக்கு இருப்பதுபோல முகத்துக்கு முன்னால் இல்லை, பக்கவாட்டில் இருக்கிறது. அதனால் தலையைத் திருப்பாமலே தன்னைச் சுற்றிக் கிட்டத்தட்ட 330 பாகை வரைக்கும் அதற்குத் தெரியும். தெரியாத இடம் வாலுக்கு நேர் பின்னால். நாங்கள் எல்லாரும் போய் நிற்கிற இடம் அதேதான். பின்னால் ஏதோ வருகிறது, என்னவென்று தெரியவில்லை என்றால் மாடு திரும்பிப் பார்க்கும், ஒரு மாடு திரும்பினால் பதின்மூன்றும் திரும்பும். ஆகவே நேர் பின்னால் நிற்காதீர்கள், எப்போதும் ஒரு பக்கமாக, அதன் ஒரு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நில்லுங்கள்.

அடுத்தது விலகுகிற வட்டம். நீங்கள் மெதுவாக ஒரு மாட்டை நோக்கி நடந்தால் ஒரு தூரம் வரைக்கும் சும்மா பார்த்துக்கொண்டு நிற்கும், அதற்கு மேல் ஒரு அடி வைத்ததும் விலகி நடக்கும். அந்த எல்லைதான் அதன் வட்டம். தினமும் கை பட்டு வளர்ந்த பசுவுக்கு அது ஒரு முழம்கூட இருக்காது, காட்டுக்குள் விட்டு வளர்ந்த நாகுக்கு (இளம் பசுவுக்கு) முப்பது நாற்பது அடி இருக்கும். வட்டத்தின் விளிம்பில் நின்றால் மாடு நடக்கும், உள்ளே பாய்ந்தால் ஓடும். விளிம்பில் ஒரு அடி உள்ளே வைக்கிறீர்கள், மாடு நடக்கத் தொடங்குகிறது, உடனே நில்லுங்கள், அல்லது ஒரு அடி பின்னால் எடுங்கள். நீங்கள் நிற்பதுதான் அதற்குக் கிடைக்கிற கூலி. நடந்தபிறகும் விடாமல் நெருக்கினால், நடந்தாலும் இந்த ஆள் விடமாட்டான் என்று அது படித்துக்கொள்ளும், அடுத்த நாள் முதலே ஓடப் பார்க்கும்.

மூன்றாவது தோள். மாட்டின் முன்னங்காலுக்கு மேலே தோளில் ஒரு கோடு கீறியிருப்பதாக நினையுங்கள். அந்தக் கோட்டுக்குப் பின்னால் நின்று நெருங்கினால் மாடு முன்னுக்குப் போகும், கோட்டுக்கு முன்னால் வந்தால் நிற்கும் அல்லது பின்வாங்கும். நிறையப் பேர் மாட்டின் தலைப்பக்கம் ஓடிப்போய் நின்றுகொண்டு "போ போ" என்று கத்துவதைப் பார்த்திருக்கிறேன், அது எப்படிப் போகும், நீங்கள்தானே மறித்துக்கொண்டு நிற்கிறீர்கள். அமெரிக்காவில் பட் வில்லியம்ஸ் என்று ஒரு மாட்டுக்காரர் இருந்தார், 2012 இல் காலமானார். வாழ்நாள் முழுக்க இதைத்தான் ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுத்தார். மிருகங்களின் நடத்தையைப் படிக்கிற டெம்பிள் கிராண்டின் அம்மா இந்த வட்டத்தையும் தோள் கோட்டையும் படம் போட்டு உலகம் முழுக்கப் பரப்பினார். ஆனால் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரையில் பள்ளிக்கூடமே போகாத பழைய பட்டிக்காரர்கள் வாயில் வெற்றிலையோடு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இதே வேலையைச் செய்ததைச் சின்ன வயதில் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சரி, இப்போது சாய்த்து வருகிற முறை. மாட்டுக் கூட்டத்துக்குப் பின்னால், ஆனால் நேர் நடுவில் நிற்காமல், இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கும் வலதிலிருந்து இடது பக்கத்துக்கும் குறுக்காக நடந்துகொண்டே இருங்கள். வளைத்துச் சுற்றி நடக்கவேண்டாம், நேர் கோடாக நடங்கள். இந்தக் கோடியில் ஒரு கண்ணுக்குத் தெரிவீர்கள், அந்தக் கோடியில் மற்றக் கண்ணுக்குத் தெரிவீர்கள், மாடும் திரும்பிப் பார்க்கத் தேவையில்லாமல் முன்னே போய்க்கொண்டிருக்கும். கடப்படிக்கு ஐம்பது அடி இருக்கும்போது வேகத்தைக் குறையுங்கள். முன்னால் போகிற தலைமாடு வாசலில் நின்று மோந்து பார்க்கும். பார்க்கட்டும். நீங்களும் நில்லுங்கள். அரை நிமிடம், ஒரு நிமிடம். நாங்கள் தோற்பது அந்த ஒரு நிமிடத்தில்தான், அதைப் பொறுக்காமல் தடியை ஓங்கினால் அன்றைய வேலை முடிந்தது.

அப்புறம் கடப்படியைப் போய்ப் பாருங்கள். நின்று பார்க்காதீர்கள், மாட்டின் தலை உயரத்துக்குக் குனிந்து, மாடு வருகிற திசையிலிருந்து, மாடு வருகிற அதே நேரத்தில் பாருங்கள். நான் கால்நடை வைத்திய அலுவலகத்தில் வேலை செய்த காலத்தில் உன்னிச்சைப் பக்கம் ஒரு பட்டியில் உங்களுக்கு வந்த அதே பிரச்சினை. மாடு கண்டபாட்டுக்கு அடி வாங்கிக்கொண்டிருந்தது. நானும் பின்னேரம் ஐந்து மணிக்குப் போய்க் குந்தியிருந்து பார்த்தேன். கடப்புக் கம்பில் ஒரு வெள்ளை உரப்பை, யாரோ காயப் போட்டு எடுக்க மறந்தது, காற்றுக்கு ஒரு மூலை மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அதோடு மேற்கே சாய்ந்த வெயிலுக்கு வேலிக்கம்புகளின் நிழல் வாசலில் வரிவரியாக விழுந்து, குனிந்து பார்த்தால் தரையில் பள்ளம் வெட்டியிருப்பதுபோலத்தான் எனக்கே தெரிந்தது. தரையில் கிடப்பது நிழலா குழியா என்று நின்று தலையைத் தாழ்த்திப் பார்த்தால்தான் மாட்டுக்கு விளங்கும். உரப்பையைக் கழற்றினோம், வாசலில் பழைய வைக்கலைப் பரப்பி அந்த வரி நிழலை மறைத்தோம். அன்றைக்கே இருபத்திரண்டு மாடும் உள்ளே போனது, பட்டிக்காரர் தடியைத் தோளில் வைத்துக்கொண்டு பேசாமல் நின்றார்.

உங்கள் கடப்பு அகலம் எவ்வளவு என்று எழுதவில்லை. எட்டு அடிக்குக் குறைவென்றால் அகலமாக்குங்கள். இன்னொன்று, பட்டிக்குள் போனதும் அதற்கு நல்லதாக ஏதாவது கிடைக்கவேண்டும், ஒரு பிடி தவிடோ கொஞ்சம் உப்போ. பட்டி என்றால் கட்டும் அடியும் ஊசியும்தான் என்றிருந்தால் நானும் உள்ளே போகமாட்டேன். யானைப் பயம் உள்ள இடம் என்பதால் ஐந்து மணிக்குப் பதிலாக நான்கு மணிக்கே தொடங்குங்கள், அவசரப்படாமல் செய்ய அந்த ஒரு மணித்தியாலம் வேண்டும்.

கேள்வி: எழும்பாத மாட்டை வாலை முறுக்கி எழுப்புவது சரியா? எங்கள் ஊரில் எல்லாரும் செய்கிறார்கள். (செங்கலடி)

பதில்: சரியில்லை. வாலுக்குள் இருப்பது சின்னச் சின்ன எலும்பு, முறுக்கினால் முறியும், முறிந்த வாலால் ஈ விரட்ட முடியாது. படுத்திருக்கிற மாடு எழும்பவில்லை என்றால் ஒன்றில் அதற்கு ஏலாமல் இருக்கிறது, அல்லது முன்னால் சுவரோ கம்போ மறித்துக்கொண்டு தலையை முன்னுக்கு நீட்டி எழும்ப இடமில்லாமல் இருக்கிறது. இடம் விட்டுப் பாருங்கள். ஏலாமல் இருந்தால் வைத்தியரைக் கூப்பிடுங்கள். கண்ணில் மிளகாய் தேய்ப்பது, குண்டூசியால் குத்துவது எல்லாவற்றுக்கும் இதே பதில்தான், அதுவும் எங்கள் நாட்டில் மிருகவதைத் தடைச் சட்டம் 1907 ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது.

கேள்வி: ஐயா, எங்களிடம் ஐந்து பசு, அதில் இரண்டு ஜேர்சி கலப்பு, மற்றது நாட்டு மாடு. நான் கறந்தால் பால் தருகிறது. எனக்குப் பிள்ளை கிடைத்ததால் கணவர் கறக்கிறார், அவருக்குப் பாதிப் பால்தான் விடுகிறது, ஒன்று உதைக்கிறது. அவர் கோபத்தில் காலைக் கட்டி அடித்தும் பார்த்துவிட்டார். பால்காரர் சொசைட்டிக்குக் கொண்டுபோகிற நேரத்துக்குள் முடிக்கவும் வேண்டும். (கொக்கட்டிச்சோலை)

பதில்: மகள், முதலில் பிள்ளைக்கும் உங்களுக்கும் நல்ல சுகம் கிடைக்கட்டும். பிள்ளைப் பால் சுரக்கிற கதை உங்களுக்கு இப்போது நன்றாகத் தெரியும், பசுவுக்கும் அதேதான். கன்று முட்டினால், அல்லது மடியை இளஞ்சூட்டு நீரால் கழுவித் துடைத்தால், மூளையிலிருந்து ஒட்சிடோசின் என்கிற சுரப்பு இரத்தத்தில் இறங்கி மடிக்கு வரும், ஒரு நிமிடத்தளவில் காம்பு நிறையும். அந்தச் சுரப்பு ஒரு சில நிமிடம்தான் வேலை செய்யும். அதற்குள் இடைவிடாமல் கறந்து முடிக்கவேண்டும். பசு பயந்தால் அட்ரினலின் என்கிற வேறொரு சுரப்பு வந்து அந்த வழியை மூடிவிடும். பால் மடிக்குள்ளே இருக்கும், கீழே வராது. உங்கள் கணவருக்குக் கிடைக்கிற பாதி, ஏற்கனவே காம்பிலும் அதன் மேலுள்ள பையிலும் இறங்கியிருக்கிற பால். மிச்சம் மேலே நிற்கிறது. அடித்தால் இன்னும் இறுக மூடும். ஒரு மாடு நன்றாகக் கலங்கிவிட்டால் அடங்க இருபது, முப்பது நிமிடம் எடுக்கும், அதனால் அடித்த கையோடு கறக்க உட்காருவதில் பிரயோசனமே இல்லை.

மாட்டுக்கு ஆளை அடையாளம் தெரியும். முகம், உடுப்பு எல்லாம் தெரியும். அவர் ஒரு கிழமைக்குக் கறக்கவே வேண்டாம். நீங்கள் கறக்க ஏலாது என்றால் உங்கள் அம்மாவோ மாமியோ கறக்கட்டும். அவர் செய்யவேண்டியது, நீங்கள் கறக்கும்போது போடுகிற அந்தப் பழைய சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, காலையில் தேங்காய்ப் புண்ணாக்கும் தவிடும் பிசைந்து கொண்டுபோய் வைத்துவிட்டு, பசுவின் தோளுக்குப் பக்கத்தில் நின்று கழுத்தைச் சொறிந்துவிடுவது. அவ்வளவுதான். ஆறாம் ஏழாம் நாள் ஒருவர் கறக்க இவர் பக்கத்தில் குந்தட்டும். எட்டாம் நாள் இவர் தொடங்கட்டும். கிட்டப் போகும்போது மெதுவாக ஏதாவது பேசிக்கொண்டு போகச் சொல்லுங்கள், வந்தது யார் என்று மாட்டுக்குத் தெரியவேண்டும். முதல் கையை மடியில் வைக்காமல் இடுப்பில் வைத்து, அப்படியே வழித்துக்கொண்டு கீழே வரவேண்டும்.

நாட்டு மாட்டுக்குக் கன்று கிட்ட இருந்தால்தான் பால் இறங்கும், அது அதன் பிறவிக் குணம், அதைக் குறை சொல்லவேண்டாம். கன்றை விட்டு நாலு முட்டு முட்டவிட்டு, தாய் நக்கக்கூடிய தூரத்தில் முன்னால் கட்டிவிட்டுக் கறவுங்கள்.

உதைக்கிற பசுவை மட்டும் இன்றைக்கே பாருங்கள். காம்பில் வெடிப்பு இருக்கிறதா, மடியில் ஒரு பக்கம் மட்டும் சூடாக, கல்லாக இருக்கிறதா, முதல் இரண்டு பீச்சில் தயிர்க்கட்டி மாதிரி வருகிறதா. இருந்தால் அது மடிநோய், நோவுக்குத்தான் உதைக்கிறது, வைத்தியரிடம் காட்டுங்கள். பாலை இறக்க ஊசி போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்கவேண்டாம். ஊசியில்லாமல் பால் விடாத பழக்கத்துக்கு பசு போய்விடும்.

கேள்வி: கால் வாய் நோய்க்குத் தடுப்பூசி போட அலுவலகத்திலிருந்து வருகிறார்கள் என்றாலே எங்கள் வீட்டில் சண்டைதான். பதினெட்டு மாட்டையும் ஒவ்வொன்றாகக் கயிறு எறிந்து பிடித்து, விழுத்தி, நாலு பேர் ஏறி இருந்து... போன முறை ஒரு சினைமாடு காலத்துக்கு முந்தியே கன்று போட்டுவிட்டது. இரும்பில் கூடு அடிக்கக் காசில்லை. (திருக்கோவில்)

பதில்: அண்ணன், உங்கள் சினைமாட்டின் கதை எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. கன்று போட்டதற்கு வேறு காரணமும் இருந்திருக்கலாம், ஆனாலும் சினைமாட்டை விழுத்தவே கூடாது.

இரும்பு வேண்டாம், கம்பு போதும். மாடு ஒன்றன்பின் ஒன்றாகப் போகக்கூடிய ஒரு ஒடுக்க வழியைப் பட்டி வேலியோடு சேர்த்துக் கட்டுங்கள், வேலி ஒரு பக்கச் சுவராகிவிடும், மற்றப் பக்கம் மட்டும்தான் செலவு. எங்கள் நாட்டு மாட்டுக்கு உள் அகலம் இரண்டு அடி சரியாக இருக்கும், கலப்பு மாடு இருந்தால் இன்னும் மூன்று நான்கு அங்குலம் விடுங்கள். அகலம் கூடினால் மாடு உள்ளே திரும்பிவிடும், திரும்பிய மாட்டால் மற்றதெல்லாம் குழம்பும். உயரம் நாலரை, ஐந்து அடி. நீளம் பதினெட்டு அடி என்றால் மூன்று மாடு நிற்கும். தூணை இரண்டு அடிக்குக் குறையாமல் தாட்டுக் கெட்டியாக்குங்கள், மாரியில் மண் இளகிவிடும். உள்பக்கம் ஆணி முனை, கம்பி முனை, கொப்பு முறிந்த முனை எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, கையை வைத்துத் தடவிப் பாருங்கள்.

பக்கவாட்டில் தென்னோலைக் கிடுகைக் கட்டி மறையுங்கள். இதைச் செய்தால் பாதி வேலை முடிந்தது. வெளியில் நிற்கிற ஆளும், ஊசிப் பெட்டியும், மோட்டார் சைக்கிளும், நாயும் தெரியாமல் இருந்தால் மாடு முன்னால் இருக்கிற மாட்டின் பின்பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நடக்கும். வழியின் வாய் வருகிற பக்கத்தைப் புனல் மாதிரி விரித்துக் கட்டுங்கள், அந்த விரிந்த இடத்துக்குள் ஒரே நேரத்தில் பதினெட்டையும் நெருக்காதீர்கள், நாலைந்து விட்டால் போதும், பாதி இடம் வெறுமையாக இருந்தால்தான் மாடு திரும்பி வாசலைக் கண்டுபிடிக்கும். மாடு கிழக்கைப் பார்த்து நடக்கவேண்டியிருந்து காலை வெயில் கண்ணுக்குள் அடித்தால் பின்னேரம் செய்யுங்கள்.

இதைவிட முக்கியமான விஷயம், வழியைக் கட்டிய அன்றைக்கே ஊசி போடாதீர்கள். முதல் ஒரு கிழமை இரண்டு பக்கமும் திறந்து வைத்து, மறுபக்கம் தவிடும் உப்பும் வைத்து, தினமும் பட்டிக்குள் போகிற வழியே அதுதான் என்று பழக்குங்கள். நடந்து பழகிய பிறகு ஒரு நாள் முன்கம்பைப் போட்டு ஒரு நிமிடம் நிறுத்தி, முதுகைத் தடவி, விட்டுவிடுங்கள். இப்படிப் பழகிய மாட்டுக்கு ஊசி வெறும் ஒரு குத்துதான். அன்றைக்கு அடங்கிய பசுவை முன்னால் விடுங்கள், பயந்த நாகை நடுவில் விடுங்கள், ஒரு மாட்டைத் தனியாகக் கடைசி வரைக்கும் பட்டிக்குள் விட்டு வைக்காதீர்கள். கூட்டத்திலிருந்து தனித்துப்போன மாடுதான் வேலி பாயும், ஆளை முட்டும்.

கத்தவேண்டாம் என்று வேலை செய்ய வருகிறவர்களிடமும் சொல்லிவிடுங்கள். கனடாவில் செய்து 1999 இல் வெளிவந்த ஒரு ஆய்வில் இரும்புக் கதவு அடிபடுகிற சத்தத்தைவிட மனிதர் கத்துகிற சத்தத்துக்குத்தான் மாட்டின் நெஞ்சு கூடுதலாக அடித்துக்கொண்டது. எனக்கு அந்த ஆய்வைப் படித்தபோது ஒரே வெட்கமாகப் போய்விட்டது, அலுவலகத்தில் இருந்த முதல் சில வருடங்கள் நானும் கத்தித்தான் ஊசி போட்டேன்.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். குர்பானுக்கு வாங்கிய இரண்டு நாம்பனை (இளங்காளையை) லொறியில் ஏற்ற இரண்டு மணித்தியாலம் பட்ட பாடு சொல்ல முடியாது. இழுத்து இழுத்து ஒன்றுக்கு முழங்கால் தோல் போய்விட்டது, அது எனக்குப் பெரிய மனவருத்தம். வருகிற வருடம் எப்படி ஏற்றலாம்? (அக்கரைப்பற்று)

பதில்: வஅலைக்கும் ஸலாம். மிருகத்துக்கு முன்னால் கத்தியைத் தீட்டக்கூடாது என்று சொல்லிக்கொடுக்கிற மார்க்கம் உங்களுடையது, அந்த மனவருத்தம் சரியானதுதான், நாநா.

முதல் விஷயம், முன்னால் நின்று இழுக்காதீர்கள். கயிறு இறுகினால் மாடு பின்னுக்கு இழுக்கும், அது தானாக வருகிற செயல். கயிற்றைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, இன்னொருவர் தோளுக்குப் பின்னால் பக்கவாட்டில் நின்று ஒரு அடி நெருங்கினால் நடக்கும். இரண்டாவது, சரிவு. லொறித் தட்டுக்குப் பலகையைச் சாய்த்து வைத்தால் சுவர் மாதிரி நிற்கிறது. 20 பாகைக்கு மேல் செங்குத்து ஆகக்கூடாது. உங்கள் பக்கம் வயல்தானே, ஒரு உயர்ந்த வரம்போ வாய்க்கால் கட்டோ இருக்கிற இடத்தில் லொறியைப் பின்னால் எடுத்து அதோடு ஒட்டி நிறுத்துங்கள், பலகை ஒரு அடியும் ஏறத் தேவையில்லாமல் போய்விடும். பலகை வைத்தால் அரை அடிக்கு ஒரு குறுக்குச் சட்டம் அடித்து வழுக்காமல் பாருங்கள். லொறிக்குள் வைக்கல் பரப்புங்கள், இரும்புத் தட்டில் குளம்பு தட்டுகிற சத்தமே அதற்குப் பயம். லொறியை மூடியிருக்கிற படங்கைத் தூக்கிவிடுங்கள், வெளியில் வெயிலாகவும் உள்ளே இருட்டாகவும் இருந்தால் அது குகைக்குள் போகச் சொல்வது மாதிரி. கடைசியாக, இரண்டையும் சேர்த்து ஏற்றுங்கள். ஒன்றை ஏற்றிவிட்டு மற்றதைக் கீழே தனியாக விட்டால் இரண்டும் குழம்பும்.

வீட்டுக்கு வந்ததும் சுற்றி நின்று பிள்ளைகள் பார்க்கவிடாமல், தண்ணீரும் நிழலும் கொடுத்து ஒரு இரவு அமைதியாக விடுங்கள்.

கேள்வி: தாய் செத்துப்போன நாம்பன் கன்றொன்றை என் மகன் போத்தலில் பால் கொடுத்து நாய்க்குட்டி மாதிரி வளர்த்தான். இப்போது ஒன்றரை வயது. விளையாட்டாகத் தலையால் முட்டுகிறது. மகனுக்கு வயது பதினொன்று. பயப்படவேண்டுமா? (வெல்லாவெளி)

பதில்: பயப்படவேண்டும், அக்கா. இன்றைக்கே மகனை அதன் கிட்டப் போகவேண்டாம் என்று சொல்லுங்கள். மற்ற மாட்டோடு சேராமல் ஆளோடு வளர்ந்த நாம்பன் தன்னையும் ஆளையும் ஒரே இனமாகத்தான் நினைக்கும், வயசுக்கு வந்ததும் மற்றக் காளையோடு மோதுவதுபோல ஆளோடு மோதும். பட்டியில் வளர்ந்த முரட்டு நாம்பன் ஆளைக் கண்டால் விலகிப்போகும், இது விலகாது, அதனால்தான் கூடுதல் ஆபத்து. நான் இதுவரை எழுதிய வட்டமும் தோளும் இந்த ஒரு மாட்டுக்குச் செல்லாது.

உடம்பைப் பக்கவாட்டில் காட்டி முதுகை வளைத்து நிற்பது, தலையைத் தாழ்த்தி மண்ணைக் கிளறுவது, இதெல்லாம் எச்சரிக்கை. அப்போது முதுகைக் காட்டி ஓடவேண்டாம், அதைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் பின்வாங்கி வேலிக்கு வெளியே போய்விடுங்கள். வைத்தியரிடம் சொல்லி நலம் அடித்து (விதையடித்து), வேறு மாடுகளோடு சேர்த்துவிடுங்கள். நலம் அடித்தபிறகும் சின்னப் பிள்ளையை அதோடு தனியாக விடவேண்டாம். மகனுக்கு மனம் நோகும், தெரியும். அடுத்த முறை தாயில்லாக் கன்று வந்தால் போத்தலைக் காட்டட்டும், பால் குடித்து முடிந்ததும் மற்றக் கன்றுகளோடு விட்டுவிடட்டும்.

கேள்வி: ஐயா, எங்கள் மாடு மாதவணைப் பக்கம் மேய்ச்சலுக்குப் போனவை. ஒரு பசு பின்தொடையில் வெட்டுக்காயத்தோடு வந்தது. வீட்டில் பிறந்து, நான் கையால் தீனி கொடுத்து வளர்ந்த பசு அது. இப்போது என்னைக் கண்டாலே ஓடுகிறது. மருந்து போட விடுவதில்லை. இதை எப்படி மறுபடி சேர்ப்பது? (சித்தாண்டி)

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். பெரும்போகம் விதைக்கிற காலத்தில் வயலை விட்டு மாட்டை மேற்கே மயிலத்தமடு, மாதவணைக்குக் கொண்டுபோவது எங்கள் அப்பன் பாட்டன் காலத்து வழக்கம், அந்த மேய்ச்சல் தரையைக் கேட்டுத்தான் 2023 செப்டெம்பரில் உங்கள் ஊர் வீதியோரத்தில் பண்ணையாளர்கள் போராட்டமாக உட்காரத் தொடங்கினார்கள். அந்த வழக்கையும் பேச்சையும் இந்தப் பக்கத்தில் தீர்க்க முடியாது. பசுவைப் பார்ப்போம்.

காயம் முதலில். ஈ மொய்க்கிற காயத்தில் ஒன்றிரண்டு நாளிலேயே புழு வைத்துவிடும், அதனால் பசு அடங்கும்வரை காத்திருக்கவேண்டாம். ஓட விரட்டிப் பிடிக்காமல், அதற்கு நன்றாகப் பழகிய இரண்டு பசுவோடு சேர்த்து ஒடுக்க வழிக்குள் நடத்தி, வைத்தியரைக் கொண்டு ஒரே தடவையில் கழுவி, மருந்து போட்டு, ஊசி போட்டு முடித்துவிடுங்கள். அந்த வேலையை நீங்கள் செய்யாதீர்கள், பக்கத்திலும் நிற்காதீர்கள். நோவையும் உங்கள் முகத்தையும் அது சேர்த்து நினைவில் வைக்கக்கூடாது. பிறகு மருந்து போடுவதற்கும் முடிந்தால் வேறு ஆள்.

நீங்கள் செய்யவேண்டியது வேறு. நிழலான ஒரு சின்ன அடைப்பில் அதையும் தோழி மாடு ஒன்றையும் விடுங்கள். காலையும் பின்னேரமும் ஒரே நேரத்துக்குப் போங்கள். அது தலையைத் தூக்கி உங்களைப் பார்க்கத் தொடங்குகிற தூரம் எதுவோ, அங்கே நில்லுங்கள். முப்பது அடியாக இருந்தாலும் பரவாயில்லை. நேருக்கு நேர் கண்ணைப் பார்க்காதீர்கள், பக்கவாட்டில் திரும்பிக் குந்துங்கள், நின்றுகொண்டிருக்கிற ஆளைவிடக் குந்தியிருக்கிற ஆள் சின்னதாகத் தெரிவான். முன்பு எப்படிக் கூப்பிடுவீர்களோ அதே சொல்லில், அதே குரலில் கூப்பிடுங்கள். அது மறுபடி குனிந்து புல்லைக் கடிக்கத் தொடங்கும்போது எழும்பிப் போய்விடுங்கள். அது ஓடுவதற்கு முன் நீங்கள் போகவேண்டும், ஓடினபிறகு போனால், ஓடியதால்தான் தப்பினேன் என்று அது நினைக்கும். நாளைக்கு ஒரு அடி, நாளன்றைக்கு இன்னொரு அடி. தீனியை உங்களுக்கும் அதற்கும் நடுவில் வையுங்கள், கையில் நீட்டவேண்டாம். ஒரு நாள் பின்வாங்கினால் நீங்களும் இரண்டு அடி பின்னால் போய்த் தொடங்குங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பசுவுக்கு இது பத்தொன்பது நாள் எடுத்தது, உங்களுடையது கன்றிலிருந்தே கை பட்டு வளர்ந்தது என்பதால் சீக்கிரம் வரலாம். காயம் பட்ட பக்கத்தால் ஒருநாளும் கிட்டப் போகாதீர்கள். அதுவாகவே உங்கள் கிட்ட வந்து மோந்து பார்க்கிற நாளில் அசையாமல் இருங்கள், மோந்துவிட்டுப் போகட்டும். அதற்கு அடுத்த நாள் தொடலாம். தலையிலோ முகத்திலோ கையை வைக்காமல், தோளுக்கு முன்னால், கழுத்தின் அடிப்பக்கம் விரலால் சொறிந்துவிடுங்கள். மாடுகள் ஒன்றையொன்று நக்கிவிடுவது அந்த இடத்தில்தான்.